எல்லாப் பக்கத்திலும் அக்காவின் நம்பர்

ஜனவரி 11
விடுதி, இரண்டாம் மாடி

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பார்லரும் நலம்தான் என்று போனிலேயே தெரிந்துவிட்டது. போன வாரம் நான் கூப்பிட்டபோது நீ வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டுவிட்டாய். கையில் தலைக்குப் பூசும் டை இருக்கும்போது வேறு வழியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் "யாரு, காலேஜ் தங்கச்சியா? சாப்பிட்டியாம்மா?" என்று நாற்காலியில் இருக்கும் அத்தனை பேரும் கேட்டால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்கிறது. "ம்" என்றேன். அதற்கும் "என்ன சொல்றா?" என்று ஒரு குரல் கேட்டது. அதனால்தான் வைத்துவிட்டேன். கோபமெல்லாம் இல்லை. இனிமேல் கடிதமே எழுதுகிறேன். தாளில் எனக்கு வாய் நன்றாகவே வேலை செய்கிறது.

அறையில் என்னோடு இருப்பவளை எல்லோரும் 'கண்ணாடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் தேடுவாள். நல்லவள். நான் பேசாததை அவள் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுகிறாள்.

போன பருவத்தில் வலைப்பக்கம் செய்வதன் அரிச்சுவடி படித்தோம் அல்லவா, தலைப்பு வைப்பது, படம் வைப்பது, வண்ணம் பூசுவது? இந்தப் பருவம் அதற்கு அடுத்த படி. ஒரே பக்கம் பெரிய திரையிலும் சரியாக உட்கார வேண்டும், உள்ளங்கை அளவுத் திரையிலும் சரியாக உட்கார வேண்டும். நீ முகத்தைப் பார்த்து முடி வெட்டுவாயே, அதுபோலத் திரையைப் பார்த்துப் பக்கம் தன்னை மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லோரும் நிஜமாக நடக்கிற ஒரு கடைக்குப் பக்கம் செய்து காட்ட வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். உன் பார்லருக்குச் செய்யட்டுமா?

இன்னொரு விஷயம். பருவக் கடைசியில், செய்த பக்கத்தை வகுப்பின் முன்னால் நின்று பத்து நிமிடம் விளக்க வேண்டும். பார்த்து வாசிக்கக் கூடாது. அதில் தேறாவிட்டால் அடுத்த பருவம் இந்தப் பாடத்தில் தொடர முடியாது. அலுவலகத்தில் விசாரித்தேன். கேட்டது கண்ணாடிதான், நான் பின்னால் நின்றேன். மார்ச் பாதி வரை கணக்கியல் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாமாம். அங்கே எல்லாம் எழுத்துத் தேர்வு. விண்ணப்பத்தை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

எனக்கு இந்தப் பாடம் பிடித்திருக்கிறது அக்கா. அதுதான் தொல்லை.

அன்புத் தங்கை


ஜனவரி 20, செவ்வாய்
பார்லர் லீவு, கை உலர்ந்திருக்கிறது

அடி என் அமைதிப் புறாவே,

மூன்று பக்கம்! இவ்வளவு பேச்சை இத்தனை நாள் எங்கேடி வைத்திருந்தாய்? அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "போன்ல கேட்டா ம்முன்னு சொல்றா, பேப்பர்ல இந்தப் பேச்சு பேசுறாளே" என்று சொல்லிவிட்டு, கடிதத்தை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இஸ்திரிக் கடையில் வேலை முடிந்து வந்ததும் எடுத்து ஒருமுறை தடவிப் பார்க்கிறாள். நம் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆளின் கையெழுத்தாயிற்றே.

பார்லருக்குச் செய். இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா? ஆனால் என்னிடம் வருகிறவர்கள் யாரும் கம்ப்யூட்டரில் பார்க்கப் போவதில்லை. போனில்தான் பார்ப்பார்கள், அதுவும் ஒரு கையால். மறு கையில் பையோ பிள்ளையோ இருக்கும். நம்பரைத் தேடவிடாதே, கட்டைவிரல் படுகிற இடத்தில் வை. அப்புறம், செவ்வாய்க்கிழமை விடுமுறை என்று கட்டாயம் போடு. போன வாரமும் டீச்சரம்மா வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். மறுநாள் வந்து, "நேத்து உன் பூட்டுகிட்டதான் ஃபேஷியல் பண்ணிக்கிட்டேன்" என்கிறார். என் படம் போடாதே. அந்தச் சிவப்பு நாற்காலியைப் போடு. அது என்னைவிட நன்றாகப் படத்தில் விழும்.

பத்து நிமிடம் பேச வேண்டும் என்பதற்காகப் பாடத்தையே மாற்றுவாளா ஒருத்தி? நான் வருகிறேன். செவ்வாய்க்கிழமையாகப் பார்த்து நாள் வாங்கு. நீ பக்கத்தில் நில், நான் பேசிக்கொள்கிறேன். உன்னைச் சேர்க்க வந்தபோது என்ன ஆயிற்று? "பேர் என்னம்மா?" என்று அந்த அலுவலக அம்மா உன்னைக் கேட்டார், நான் சொன்னேன். "எந்தப் பிரிவு?" நான் சொன்னேன். "ரத்த வகை?" அதையும் நான்தான் சொன்னேன். கையெழுத்து மட்டும் உன்னுடையது. எல்லாம் நல்லபடியாக முடியவில்லையா?

விண்ணப்பம் புத்தகத்துக்குள்ளேயே இருக்கட்டும். அவசரப்படாதே.

அக்கா


பிப்ரவரி 5
லேப், ஜன்னல் ஓர இருக்கை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பார்லருக்கு ஒரு பக்கம் பிறந்துவிட்டது. முதலில் கொஞ்சம் கோணலாகத்தான் பிறந்தது. கம்ப்யூட்டரில் சிவப்பு நாற்காலி ராஜா மாதிரி இருந்தது. போனில் திறந்து பார்த்தால் நாற்காலியின் ஒரு கால் மட்டும் திரை முழுக்க நிற்கிறது. கண்ணாடி பார்த்துவிட்டு, "உங்க அக்கா கடை மரக்கடையா?" என்றாள்.

இப்போது சரிசெய்துவிட்டேன். திரை இந்த அகலத்துக்குக் கீழே போனால் இப்படி நடந்துகொள் என்று பக்கத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க ஒரு வழி இருக்கிறது. மீடியா குவெரி என்று பெயர். அதை எழுதிவிட்டு, பக்கம் திறந்திருக்கும் பிரவுசர் ஜன்னலின் மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்துச் சுருக்கினால், அருகருகே நின்ற மூன்று பெட்டிகள் இரண்டாகி, அப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நிற்கின்றன. யாரும் தள்ளாமலே ஒதுங்கி வழிவிடுகின்றன. நான் அதையே இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் பின்னால் வந்து நின்றது கூடத் தெரியவில்லை. அவர் போன பிறகு கண்ணாடிதான் சொன்னாள்.

நீ கேட்ட கட்டைவிரல் இடத்தில் ஒரு பச்சைப் பட்டை வைத்திருக்கிறேன். 'அழைக்க' என்று மட்டும் எழுதியிருக்கும். பக்கத்தை எவ்வளவு தள்ளினாலும் திரையின் அடியில் அசையாமல் நிற்கும். தொட்டால் உன் நம்பருக்குப் போகும். நம்பர் வெளியே தெரியாது, கோடிங்கில் இருக்கிறது. பட்டையை வைத்ததும் ஒரு சிக்கல் வந்தது. பக்கத்தின் கடைசி வரி அதற்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அந்தக் கடைசி வரி எது தெரியுமா? 'செவ்வாய்க்கிழமை விடுமுறை.' டீச்சரம்மா மறுபடியும் பூட்டின் முன்னால் நிற்பது எனக்குக் கண்ணில் வந்தது. பட்டையின் உயரத்துக்குப் பக்கத்தின் அடியில் காலி இடம் விட்டால் கடைசி வரி மேலே வந்துவிடும் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு மதியம் போய்விட்டது.

வகுப்பில் எல்லோருக்கும் இதே சிக்கல். தொப்பி வந்து எட்டிப் பார்த்தான். அவன் லேப்புக்குள்ளும் தொப்பியோடுதான் இருப்பான், மின்விசிறிக்குக் கீழே என்ன வெயிலோ. "ஏய், உன்னோடது மட்டும் எப்படி எதையும் மறைக்காம நிக்குது?" என்று கேட்டான். விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. "சரி, அந்தத் துண்டை மட்டும் குரூப்ல போடேன்" என்றான். விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது. போட்டுவிட்டேன். பதினொரு பேர் எடுத்துக்கொண்டார்கள். தொப்பி அவன் மாமாவின் கால்பந்து மைதானத்துக்குப் பக்கம் செய்கிறான். கண்ணாடி ஒரு பல் டாக்டருக்கு. இன்னொருத்தி நாய்களைக் குளிப்பாட்டும் கடைக்கு. அடுத்த வாரம் எல்லாப் பக்கமும் இணையத்தில் ஏறுகிறது.

நீ வந்து பேசுவதாக எழுதியிருந்ததைக் கண்ணாடியிடம் சொன்னேன். "உங்க அக்காவுக்குக் கோடிங் தெரியுமா?" என்றாள். "தெரியாது, ஆனா பத்து நிமிஷம் பேசுவா" என்றேன். கட்டிலில் உருண்டு சிரித்தாள். மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார் அக்கா. விண்ணப்பத்தில் பெயர் மட்டும் எழுதிவைத்திருக்கிறேன்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 17, செவ்வாய், லீவு
பார்லர்

அடியே,

என்ன செய்து வைத்திருக்கிறாய்? உண்மையைச் சொல்.

போன வெள்ளிக்கிழமை பேங்க் அம்மாவுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நூலின் ஒரு நுனி என் பல்லில். போன் ஸ்பீக்கரில்.

"ஹலோ, ஒரு பல்லு பிடுங்கணும். சாயந்திரம் வரட்டுமா?"

நான் நூலோடு "ங்ங்" என்றேன்.

"என்ன டாக்டர், உங்களுக்கும் பல்வலியா?"

பேங்க் அம்மா சாய்ந்தபடியே, "இங்க புருவ முடி மட்டும்தான் பிடுங்குவாங்க. பல்லுக்கு வேற இடம் பாருங்க" என்றார்.

அது போகட்டும் என்றால், மறுநாள் ஒரு பையன். "அக்கா, ஞாயித்துக்கிழமை கிரவுண்டு கிடைக்குமா? பதினாலு பேர் வர்றோம்." என்னிடம் இருப்பது இரண்டு நாற்காலி! அதற்கப்புறம் ஒரு பெரியவர். முடி ரொம்ப நீளம், ஷாம்பூ போட்டு ட்ரிம் பண்ணி விடணும் என்றார். நானும் சரிங்க சரிங்க என்று நேரம்கூடக் கொடுத்துவிட்டேன். கடைசியில், "புது ஆளுங்களைப் பார்த்தா கொஞ்சம் கடிப்பான், பரவாயில்லையா?" என்கிறார்.

இப்போதெல்லாம் யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரே கேள்விதான் கேட்கிறேன். "எங்க பார்த்து நம்பர் எடுத்தீங்க?" எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறார்கள். "உங்க பக்கத்துலதான், கீழ பச்சையா இருக்கே." பச்சை என்றதுமே உன் ஞாபகம் வந்துவிட்டது.

சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் இவர்களோடு பேசிக்கொண்டிருந்ததில், நிஜமாக எனக்கு வந்த ஒரு அழைப்பை விட்டுவிட்டேன். மணப்பெண் ஒருத்தி வேறு பார்லருக்குப் போய்விட்டாள். அது கொஞ்சம் வலிக்கிறது. சீக்கிரம் சரிசெய்.

அக்கா


பிப்ரவரி 20
விடுதி

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி முகத்தில் விழிப்பேன் என்று தெரியவில்லை. அந்த மணப்பெண் போனது என்னால்தான்.

நடந்தது இதுதான். நான் குரூப்பில் போட்ட துண்டில் உன் நம்பரும் இருந்தது. எடுத்தவர்கள் அப்படியே ஒட்டிவிட்டார்கள். வெளியே 'அழைக்க' என்று மட்டும் தெரிவதால், பின்னால் யார் நம்பர் இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. தங்கள் பட்டையைத் தாங்களே தொட்டுப் பார்க்கவும் இல்லை. அதனால் பல்வலிக்காரரும் கால்பந்துக்காரரும் நாய்க்காரரும் எல்லோரும் உன்னிடமே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

நேற்று வகுப்பில் மேடம் தன் போனில் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். மைதானத்துக்கு ஒரு நம்பர் வந்தது. பல் டாக்டருக்கும் அதே நம்பர். நாலாவது பக்கத்தில் மேடம் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இது யார் நம்பர்?"



"நெட்ல இருந்து எடுத்தோம் மேடம்" என்றான் தொப்பி. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் சொன்னான், பாவம். ஆனால் அதோடு, நான் எழுதியது யாரோ எழுதியது ஆகிவிட்டது.

"நெட்ல கிடைக்கிற துண்டுல உண்மையான ஆளோட நம்பர் இருக்காது. இதை எழுதினவங்க இந்த வகுப்புலதான் இருக்காங்க. அடுத்த வியாழக்கிழமைக்குள்ள எழுந்து சொல்லணும். இல்லைன்னா இந்த நம்பர் இருக்கிற எல்லாப் பக்கத்தையும் தள்ளிடுவேன்" என்றார்.

கையைத் தூக்கினால் போதும். மேசைக்கடியில் அது தூங்கிப்போன கை மாதிரி கிடந்தது. வகுப்பு முடிந்ததும் விண்ணப்பத்தை எடுத்து மிச்சத்தையும் நிரப்பிவிட்டேன். கையெழுத்து மட்டும் பாக்கி.

ஒரு உதவி. மேடம் அந்த நம்பரைக் குறித்துக்கொண்டார். கட்டாயம் உன்னைக் கூப்பிடுவார். அப்போது, "அது என் தங்கச்சி எழுதினது" என்று நீயே சொல்லிவிடு அக்கா. ஒரு வரி போதும். நீ சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 25
விடுதி

அக்காவுக்கு,

இன்று காலை மேடம் உன்னைக் கூப்பிட்டாராம். மதியம் வகுப்பில் வந்து சொன்னார். "ஒரு பார்லர்ல எடுத்தாங்க. யார் எழுதினதுன்னு கேட்டேன். 'எனக்குத் தெரியும், ஆனா நான் சொல்ல மாட்டேன். அவ வாயால அவளே சொல்லட்டும்'னு சொல்லி வச்சிட்டாங்க."

வகுப்பே சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. பார்லருக்குப் பக்கம் செய்திருப்பது நான் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே, "நம்பர் யாரோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. எழுதினது யாருன்னு இன்னும் தெரியலை. நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்கு" என்றார்.

ஏன் அக்கா? டாக்டரிடம் போனால் எனக்கு எங்கே வலி என்று நீதான் சொல்வாய். பஸ்ஸில் எனக்கு டிக்கெட் நீதான் கேட்பாய். உலகத்தில் உள்ள எல்லோரிடமும் எனக்காகப் பேசினாய். நானே வாய்விட்டுக் கேட்ட ஒரே தடவை

26, வியாழன்

நேற்று அந்த வரியோடு பேனாவை வைத்துவிட்டேன். மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். கோபம் நிஜம்தான், உனக்கும் தெரியட்டும்.

இன்று எழுந்து நின்றேன். முதலில் யாரும் கவனிக்கவில்லை. நாற்காலியைத் தள்ளப் போகிறேன் என்று நினைத்துப் பின்வரிசைப் பெண் காலை நகர்த்திக்கொண்டாள்.

"அது எங்க அக்கா நம்பர்" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு" என்றான் தொப்பி. கிண்டல் இல்லை, பரிதாபமாகத்தான் சொன்னான்.

"அது எங்க அக்கா நம்பர். அந்தப் பட்டையை எழுதினது நான்தான்."

மேடம், "சரி. பக்கத்துக்கு அடியில எதுக்கு அந்தக் காலி இடம்?" என்றார்.

"டீச்சரம்மாவுக்காக" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாய் மூடவில்லை அக்கா. பூட்டைச் சொன்னேன், செவ்வாய்க்கிழமையைச் சொன்னேன், கடைசி வரி எப்படி ஒளிந்தது, பட்டை உயர்ந்தால் இடமும் ஏன் உயர வேண்டும் என்று பலகையில் படம் போட்டுக் காட்டினேன். சாக்பீஸை எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

தண்டனையும் உண்டு. "சொல்லாம கொடுத்ததுக்கு உனக்கு மார்க் குறைப்பேன். புரியாம ஒட்டினதுக்கு அவங்களுக்கும் குறைப்பேன். எல்லாரும் அழிச்சிட்டுத் திரும்ப எழுதணும். நீ ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கணும்" என்றார்.

"நானா மேடம்?"

"பின்ன, உங்க அக்காவா?"

உன் மேல் பாதிக் கோபம் போய்விட்டது. மீதியை நேரில் வந்து தீர்த்துக்கொள்கிறேன்.

தங்கை


மார்ச் 3, செவ்வாய்
வீடு

என் கோபக்காரிக்கு,

மீதிக் கோபத்தை வைத்துக்கொள், எனக்கும் அது பிடித்திருக்கிறது. நீ என்னிடம் கோபித்துக்கொண்டு நான் பார்த்ததே இல்லையே.

என் கதையையும் கேள். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. சொல்லிவிடத்தான் இருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். "வணக்கம் மேடம், நான் அவளோட அக்கா பேசுறேன்" என்று. புதன்கிழமை காலை போன் வந்தபோது பார்த்தால், பேங்க் அம்மா நாற்காலியில், நூல் என் பல்லில். வழக்கம்போல ஸ்பீக்கர். உன் மேடம் நல்ல குரலில் சொன்னார். "இந்த வேலையை யாரோ ரொம்ப அழகா பண்ணியிருக்காங்க. ஆனா நான்தான்னு சொல்ல யாருமே எழுந்திருக்கலை. உங்களுக்குத் தெரியுமா?"

வாயில் நூல் இல்லாமல் இருந்திருந்தால் அந்த நொடியே உன் பெயர், ரத்த வகை எல்லாம் சொல்லியிருப்பேன். அடுத்த நாற்காலியில் இருந்த டீச்சரம்மா வேறு, "சொல்லேன்மா, உன் தங்கச்சிதானே" என்று கிசுகிசுக்கிறார். நூலைப் பல்லிலிருந்து எடுக்கிற அந்த நேரத்தில்தான் தோன்றியது. நான் சொன்னால் உன் பெயர் என் குரலில்தான் அவரிடம் போய்ச் சேரும். அவ்வளவு அழகான வேலைக்கு என் குரல் எதற்கு?

அதனால் நீ கேட்டதைச் செய்யவில்லை. போனை வைத்த பிறகும் நினைப்பெல்லாம் உன்மேல்தான். பேங்க் அம்மாவின் ஒரு புருவம் கொஞ்சம் மெலிந்துபோயிற்று. கண்ணாடியில் பார்த்துவிட்டு, "போகட்டும், இது வளர்ந்திடும். அவ பேசினாளான்னு மட்டும் எனக்குச் சொல்லு" என்றார். அதற்கப்புறம் உன் கடிதம் வரும்வரை நான் நானாக இல்லை. ஷாம்பூ என்று கண்டிஷனரை இரண்டு முறை போட்டேன்.

மன்னித்துக்கொள், இந்தக் கடிதத்தை மட்டும் பார்லரில் வாசித்துவிட்டேன். 'டீச்சரம்மாவுக்காக' என்ற இடத்தில் டீச்சரம்மா அழுதுவிட்டார். முகத்தில் பூசியிருந்த ஃபேஸ் பேக் இரண்டு கோடாக ஓடிவிட்டது. மறுபடி போட வேண்டியதாயிற்று.

தப்பு அழைப்புகள் இப்போது குறைந்துவிட்டன. நாய்க்காரர் மட்டும் ஒருமுறை கூப்பிட்டு, நாயைச் சரியான இடத்துக்குக் கூட்டிப்போய்விட்டேன் என்று தகவல் சொன்னார். அவர் மனைவி நேற்று வந்து முடி வெட்டிக்கொண்டு போனார். அவர் கடிக்கவில்லை.

அக்கா


மார்ச் 29
லேப்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தத் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார். கணக்கியல் பிரிவுக்கு மாறும் விண்ணப்பம். கையெழுத்து இடம் காலியாக இருக்கும். கடைசி நாள் போய்விட்டது. நல்ல கெட்டித் தாள், வீணாக்க மனம் வரவில்லை.

பதினொரு பேருக்கும் சொல்லிக்கொடுத்து முடித்தேன். முதலில் கண்ணாடிக்கு. அவள் பாதியில் தூங்கிவிட்டதால் எனக்குப் பயமே இல்லை. கடைசியில் தொப்பிக்கு. அவன் மூன்று முறை கேட்டான். மூன்றாவது முறை, "தொப்பியைக் கழட்டிட்டுக் கேளு, உள்ள போகும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் கழற்றிவிட்டான்! முடி ஒரு பக்கம் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கிறது. அதை மறைக்கத்தான் இத்தனை நாள் தொப்பி. உன்னிடம் அனுப்பிவைக்கவா?

உன் பக்கம் இப்போது முழுதாகத் தயார். சிவப்பு நாற்காலி, நேரம், செவ்வாய்க்கிழமை, எல்லாம் இருக்கிறது. அந்தப் பட்டையின் பின்னால் உன் நம்பர் இருப்பது இனி இந்த ஒரு பக்கத்தில் மட்டும்தான். எல்லாப் பக்கத்தையும் நானே தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை பேச வேண்டும். பத்து நிமிடம். பயம் இருக்கிறது. ஆனால் இந்தத் தடவை நீ வர வேண்டாம் அக்கா. வருகிறேன் என்று நீ இப்போது சொல்லாததையும் கவனித்தேன்.

அம்மாவின் தலையணையை என் சார்பில் ஒருமுறை தட்டிவிடு.

அன்புத் தங்கை


ஏப்ரல் 21, செவ்வாய்
பார்லர் லீவு

என் தங்கத்துக்கு,

போனில் எல்லாம் பேசிவிட்டோம், இனி கடிதம் எதற்கு என்று நினைப்பாய். அம்மா விடவில்லை. அன்று நடந்ததை எழுதி அனுப்பு, அவளும் படிக்கட்டும் என்கிறாள். நீ அந்தப் பக்கம் இருந்ததால் இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம். உட்கார இடமில்லாத கூட்டம். இரண்டு கையிலும் டை. முழங்கையால் போனைத் தட்டிவிட்டேன்.

"ஹலோ, அடுத்த சனிக்கிழமை முடி வெட்டணும். காலைல நேரம் இருக்குமா?"

கணீரென்று ஒரு குரல். ஏதோ புது ஆள், அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"இருக்கும்மா. எங்க பார்த்து நம்பர் எடுத்தீங்க?"

"உங்க பக்கத்துலதான். கீழ பச்சையா இருக்கே."

பழைய வியாதி மறுபடி வந்துவிட்டது என்று எனக்கு அலுப்பு. "எந்தப் பக்கம்மா? பல் டாக்டரா, கிரவுண்டா?"

"பார்லர் பக்கம்தான். அதை எழுதினது நான்தான்."

பிரஷ் கீழே விழுந்துவிட்டது. தரையில் இருக்கும் அந்தக் கறுப்புத் தடத்தைத் துடைக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருடம் உன்னைத் தூக்கி வளர்த்த எனக்கு, உன் குரல் அடையாளம் தெரியவில்லையடி.

நான் பேச்சு வராமல் நிற்கிறேன், மற்றவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள். "என்னாச்சும்மா, பேசினியா?" என்றார் பேங்க் அம்மா. "பேசினேன்ம்மா. பத்து நிமிஷம் ஆனதும் மணி அடிச்சாங்க, நான் நிறுத்தலை. மேடம் வந்து சாக்பீஸை வாங்கிக்கிட்டாங்க. தேறிட்டேன்" என்றாய். "சாப்பிட்டியாம்மா?" என்றார் டீச்சரம்மா. "சாப்பிட்டேன் டீச்சரம்மா. செவ்வாய்க்கிழமை போகாதீங்க, லீவு" என்றாய். பார்லரே அதிர்ந்துபோயிற்று, சிரிப்பில். தலையில் டை ஊறிக்கொண்டிருந்த வாடிக்கையாளருக்கு நேரம் தாண்டி முடி செம்பட்டையாகாமல் இருந்தது அவர் அதிர்ஷ்டம்.

பேங்க் அம்மாவின் புருவம் வளர்ந்துவிட்டது, கவலைப்படாதே.

ஒரு மனக்குறை. இனி நீ போனிலேயே பேசுவாய், கடிதம் நின்றுவிடும். அம்மா இப்போதே தலையணையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறாள். அவளுக்காகவாவது அவ்வப்போது ஒரு பக்கம் எழுது. தாள் இல்லையென்றால் வேறு ஏதாவது பிரிவின் விண்ணப்பம் வாங்கிக்கொள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சிவப்பு நாற்காலி உனக்கு. தொப்பியும் வருவதாக இருந்தால் அவனுக்கும் நேரம் ஒதுக்குகிறேன்.

எப்படி வெட்ட வேண்டும் என்று நீயே வந்து சொல். இத்தனை வருடம் அதையும் நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

உன் அக்கா